கொள்ளைநோய் நூல்களில் அச்சமும் அடைக்கலமும்

நோயின் அபாயத்தைப் பற்றி நம் சமுதாயத்தில் வழங்கும் பேச்சு இரு வகையாக இருக்கிறது. விதித்தது வந்தே தீரும், அதற்கு மருந்தென்ன, மருத்துவர் என்ன என்பது ஒரு வகை. தெருவில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு, அவ்வீட்டாருக்கு ஸலாம் சொல்லவும் அஞ்சுவது மற்றொரு வகை. ஒரே மனிதரிடம் இவ்விரண்டையும் காண்பது அரிதன்று. அபாயம் தொலைவில் இருக்கும்வரை விதியைப் பேசுகிறோம். அது அண்டை வீட்டை எட்டியதும் தாழ்ப்பாளைத் தேடுகிறோம்.

முஸ்லிம்கள் கொள்ளைநோய்க்குத் தலைகொடுத்து வாளாவிருந்தவர்கள் என்று ஐரோப்பியப் பயணிகள் பலர் எழுதிச் சென்றனர். அந்தக் குற்றச்சாட்டை நம்மவரிலும் சிலர் புகழுரையாக எடுத்துக்கொண்டு, வாளாவிருப்பதே தவக்குல் என்று எண்ணலாயினர். குற்றம் சாட்டியோரும் அதைப் பெருமையாகக் கொண்டோரும் செய்யத் தவறிய காரியம் ஒன்றே: கொள்ளைநோய்க் காலத்தில் வாழ்ந்த முஸ்லிம் அறிஞர்கள் எழுதிய நூல்களை அவர்கள் படிக்கவில்லை. அந்நூல்களுள் நான்கினை எடுத்துக்கொண்டு, அவற்றின் ஆசிரியர்கள் அபாயத்தை எங்கே நின்று, எவ்வாறு கண்டார்கள் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அளவுகோல்

நூல்களை மதிப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். அதனை ஹிஜ்ரி 17, 18ஆம் ஆண்டுகளை ஒட்டிய ஒரு நிகழ்ச்சியிலிருந்து பெறுகிறோம். ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் புறப்பட்டு ஸர்க் என்னும் இடத்தை அடைந்தபோது, முன்னே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. முஹாஜிர்களை அழைத்துக் கலந்தார்கள், அன்ஸார்களைக் கலந்தார்கள், இரு சாராரிடத்தும் கருத்து வேறுபாடு இருந்தது. பின்னர்க் குறைஷியரின் மூத்தோரைக் கலந்து, திரும்பிவிடுவதென முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்து, பசுமையான சரிவும் வறண்ட சரிவும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகம் மேய்ப்பவனை உவமை காட்டினார்கள். எந்தச் சரிவில் மேய்த்தாலும் அது விதியின்படியே ஆகும். ஆயினும் அறிவுள்ளவன் பசுமையையே நாடுவான்.

அப்போது அங்கே வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் தாம் கேட்டதை எடுத்துரைத்தார்கள். நோய் கண்ட ஊருக்குள் செல்லலாகாது. இருக்கும் ஊரில் நோய் கண்டால் அதற்கு அஞ்சி வெளியேறவும் ஆகாது என்பதே அதன் கருத்து. உமர் (ரலி) அவர்கள் இறைவனைப் புகழ்ந்து மதீனாவுக்குத் திரும்பினார்கள். அபூ உபைதா (ரலி) அவர்கள் தம் படையினரோடு ஷாமிலேயே இருந்து, ஹிஜ்ரி 18இல் (கி.பி. 639) அம்வாஸ் கொள்ளைநோயில் மறைந்தார்கள்.

இந்த நபிமொழிக்கு இரு பகுதிகள் உண்டு. உள்ளே செல்லாதிருப்பது நம்மைக் காப்பது. வெளியேறாதிருப்பது பிறரைக் காப்பது. முதற்பகுதியை எந்த உயிரும் தானாகவே கற்றுக்கொள்ளும். இரண்டாம் பகுதியைக் கற்பிக்கத்தான் நபி வரவேண்டியிருந்தது. அபாயத்தைப் பற்றி எழுதும் எவரும் இவ்விரு பகுதிகளையும் காண்கிறாரா என்பதே நாம் கொள்ளும் அளவுகோல்.

மதுரையில் ஒரு பயணி

முதலில் இப்னு பதூதாவின் பயண நூலை எடுத்துக்கொள்வோம். 1355இல் மொராக்கோவில் முடிக்கப்பெற்ற இந்நூலில் நம் மண்ணைப் பற்றிய பகுதியும் இருக்கிறது. 1340களின் நடுப்பகுதியில் அவர் மஃபர் சுல்தானின் தலைநகரான மதுரைக்கு வந்தார். வந்தவர் கண்டது கொள்ளைநோய் பிடித்த நகரம். நோயுற்றோர் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ இறந்தனர். நான்காம் நாளைக் கண்டவர் சிலரே.

நோயின் காரணத்தைப் பற்றி இங்கே அவர் ஆராயவில்லை. இரண்டு சிறு செய்திகளைச் சொல்கிறார். உடல்நலமுள்ளவள் என்ற உறுதியின்பேரில் ஓர் அடிமைப் பெண்ணை விலைக்கு வாங்கினார்; மறுநாளே அவள் இறந்தாள். முன்னாள் அமைச்சர் ஒருவரின் மனைவி எட்டு வயது மகனோடு வந்து தம் வறுமையை முறையிட்டார். தாயும் மகனும் நல்ல நலத்தோடு இருந்தனர். இவரும் பொருள் கொடுத்தார். மறுநாள் அதே தாய், மகனுக்குக் கபன் துணி கேட்டு வந்து நின்றார்.

கொள்ளைநோய் இலக்கியத்தில் இவ்வளவு குறைந்த சொற்களில் அபாயத்தின் இயல்பை உணர்த்தும் பகுதிகள் மிகச் சிலவே. நோய்க் காலத்தில் 'நலம்' என்ற சொல்லுக்கு ஒரு நாளைக்கு மேல் பொருளில்லை. விற்பவன் கொடுத்த உறுதியும் தாயின் கண் கண்ட காட்சியும் ஒன்றுபோலப் பொய்த்தன. ஆயினும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். பெண்ணின் சாவை நட்டம்போன வாணிபமாகவே அவர் எழுதிச் செல்கிறார். அவளுக்கு என்ன நேர்ந்தது என்று அவர் கேட்கவில்லை. தமக்கு என்ன நேர்ந்தது என்றே சொல்கிறார். அபாயத்தின் முதற்பகுதி மட்டுமே இவ்வரிகளில் தெரிகிறது.

பின்னர் அவரே கொடிய காய்ச்சலில் விழுந்தார். அந்நாட்டில் மலிந்து கிடந்த புளியை ஏறத்தாழ ஒரு ராத்தல் அளவு நீரில் கரைத்துக் குடித்ததாகவும், மூன்று நாள் வயிறு கழிந்து இறையருளால் குணம் கண்டதாகவும் எழுதுகிறார். 'இந்தியப் பேரீச்சை' என்று அரபியர் பெயரிட்டழைத்த நம் வீட்டுப் புளிதான் அது. படிக்கும்போது நமக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் திறனாய்வு மகிழ்ச்சியோடு நின்றுவிட முடியாது. பிழைத்தவர் தாம் குடித்ததை எழுதிவைத்தார். இறந்தவர்கள் என்ன குடித்தார்கள் என்று எழுதிவைக்க எவருமில்லை. அவர்களிலும் புளி குடித்தோர் இருந்திருக்கக் கூடுமன்றோ? இன்றும் நம் வீடுகளில் ஒரு கஷாயத்தைப் பற்றியோ ஒரு மாத்திரையைப் பற்றியோ நிகழும் பேச்செல்லாம் பிழைத்தவர் வாய்ச்சொல்லே. இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

ஒரு தொழுகை, இரு சாட்சிகள்

மதுரையை விட்டகன்ற சில ஆண்டுகளில், 1348இல், இப்னு பதூதா டமாஸ்கஸ் நகரில் இருந்தார். கறுப்புச்சாவு என்று பின்னாளில் பெயர் பெற்ற தாஊன் அங்கே பரவியிருந்தது. அரசப் பிரதிநிதியின் ஆணைப்படி மக்கள் மூன்று நாள் நோன்பிருந்தனர். இரவு முழுவதும் பள்ளிவாசலில் தங்கி, ஸுப்ஹுத் தொழுது, அமீர்களும் ஏழைகளும் ஒருங்கே வெறுங்காலுடன் நடந்தனர். முஸ்லிம்கள் குர்ஆனை ஏந்தினர். யூதர் தவ்ராத்தையும் கிறிஸ்தவர் இன்ஜீலையும் ஏந்தி, பெண்டு பிள்ளைகளோடு வந்தனர். அதன்பின் இறைவன் துன்பத்தைக் குறைத்தான் என்கிறார் அவர். டமாஸ்கஸில் இறந்தோர் ஒரு நாளில் 2,000 வரை எட்டினர், காஹிராவிலோ 24,000 வரை எட்டினர் என்பது அவர் காட்டும் சான்று.

இனி, இப்னு ஹஜர் அல் அஸ்கலானியின் 'பத்லுல் மாஊன்' என்னும் நூலைத் திறப்போம். ஹதீஸ் கலையில் தமக்கு நிகரில்லாத இந்த இமாம் (1372–1449) தாஊனைப் பற்றியே தனி நூலொன்று எழுதியவர். அது வெறும் ஏட்டாராய்ச்சி அன்று. ஹிஜ்ரி 819இல் தாஊன் அவருடைய புதல்வியர் ஃபாத்திமா, ஆலியா இருவரையும் கொண்டுபோயிற்று. 833இல் கருவுற்றிருந்த மூத்த புதல்வி ஸைன் காத்தூனையும் கொண்டுபோயிற்று. அந்த 833ஆம் ஆண்டில்தான் நூல் நிறைவெய்தியது.

அவ்வாண்டு காஹிராவில் நடந்ததை இமாம் பதிவு செய்கிறார். நோய் தொடங்கியபோது நாளொன்றுக்கு இறந்தோர் 40க்கும் குறைவு. மக்கள் மூன்று நாள் நோன்பிருந்து, மழைத்தொழுகைக்குச் செல்வதுபோல் பாலைவெளியில் திரண்டு துஆச் செய்து திரும்பினர். அந்த மாதம் முடிவதற்குள் நாளொன்றுக்கு இறந்தோர் 1,000க்கு மேலாயினர். தனித்தனியே இறைவனிடம் இறைஞ்சுவதை இமாம் மறுக்கவில்லை. இவ்வாறு திரள்வதற்கு ஸுன்னத்தில் ஆதாரமில்லை என்கிறார்.

ஒரே வகையான செயலுக்கு இரு சாட்சிகள் நேர்மாறான முடிவு கூறுகின்றனர். எந்தச் சாட்சியம் வலியது? இப்னு பதூதா இரண்டு நகரங்களை ஒப்பிடுகிறார். அவற்றின் மக்கள்தொகை வேறு. காஹிராவின் எண்ணிக்கை அவர் காதால் கேட்டது. இப்னு ஹஜர் ஒரே நகரத்தில் முன்னும் பின்னும் எண்ணிப் பார்க்கிறார். எண்ணிக்கையை ஆளும் முறையில் இமாமே மேம்பட்டவர் என்பதில் ஐயமில்லை. ஒவ்வொரு ராவியையும் நிறுத்துப் பார்த்த பழக்கம், ஊரார் உவந்து செய்த காரியத்தையும் நிறுத்துப் பார்க்கும் துணிவைத் தந்திருக்கிறது.

இத்தனைக்கும் நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் என்பதை இமாம் ஏற்றவரல்லர். தாஊன் ஜின்களின் குத்தலால் விளைவது, முஃமின்களுக்கு அது ஷஹாதத் என்பது அவர் நிலை. காரணத்தைப் பற்றிய அவர் முடிவை இன்றைய மருத்துவம் ஏற்காது. ஆனால் தம் கொள்கைக்குத் துணைசெய்யாத எண்ணிக்கையை மறைக்காமல் எழுதிவைத்தார். ஒருவர் காரணத்தில் தவறியும் கண்டதில் நேர்மையாக இருக்க முடியும் என்பதற்கு அந்நூல் சான்று. மூன்று மக்களை இழந்த தந்தைக்கு ஷஹாதத் என்ற சொல் வாதத்துக்குரிய பொருளாக மட்டும் இருந்திருக்க முடியாது; அது அவர் தங்கிய நிழலாகவும் இருந்திருக்கும். அந்த நிழலில் இருந்துகொண்டும் அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை.

அப்படியானால் டமாஸ்கஸ் ஊர்வலத்தைப் பற்றிய பக்கம் வீணா? இல்லை. மருந்துக்குச் சான்றாக அது நிற்காது. அச்சத்தை ஓர் ஊர் எவ்வாறு பகிர்ந்து சுமந்தது என்பதற்குச் சான்றாக நிற்கும். அதே ஆண்டுகளில் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில், கிணற்றில் நஞ்சிட்டதாகப் பழிசுமத்தி யூதர்களைக் கொன்றனர். டமாஸ்கஸில் யூதரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களோடு நடந்தனர். கூட்டம் நோயைக் கூட்டியிருக்கலாம், பகையைக் கூட்டவில்லை. இரண்டையும் சேர்த்தே நாம் சொல்ல வேண்டும்.

மாணிக்க மோதிரமும் காடியும்

மூன்றாவது, ஹலப் நகரத்து இப்னுல் வர்தி எழுதிய கொள்ளைநோய் நிருபம். எதுகை இயைந்த ஸஜ்உ நடையில், நோய் இருள் நாட்டில் தொடங்கி, சீனத்தையும் ஹிந்தையும் தாக்கி, ஊர் ஊராக நெருங்கி வருவதை அவர் சொல்லிச் செல்கிறார். ஒவ்வோர் ஊர்ப்பெயரும் ஒரு சொல்விளையாட்டைப் பெறுகிறது. தொடக்கத்தில் புலமைக் காட்சியாகத் தோன்றும் இந்நடை, படிக்கப் படிக்க வேறொரு பயனைத் தருகிறது. ஒலி அடுத்த ஒலியை அழைப்பதுபோல் ஓர் ஊர் அடுத்த ஊரை அழைக்கிறது. தன் ஊரின் பெயர் எப்போது வரும் என்று வாசகன் காத்திருக்க நேர்கிறது. வரப்போவதை அறிந்தும் தடுக்க வழியறியாத மனநிலையை அந்த நடையே உண்டாக்கிவிடுகிறது.

ஹலப் மக்கள் என்ன செய்தார்கள் என்பதையும் அவர் சொல்கிறார். வீடுகளில் அம்பரும் கற்பூரமும் சந்தனமும் புகைத்தனர். மாணிக்க மோதிரம் அணிந்தனர். வெங்காயத்தையும் காடியையும் உணவோடு சேர்த்தனர். இதைப் படித்து நகைப்பது எளிது. ஆனால் எதையாவது செய்யாமல் இருக்க முடியாத கைகள் அவை. விதியை நம்பி அந்த மக்கள் சும்மா இருந்தார்கள் என்ற பழிக்கு இதைவிட நல்ல மறுப்பு வேண்டியதில்லை. நிருபத்தை எழுதிய இப்னுல் வர்தியும் 1349இல் அதே நோயில் இறந்தார். தப்பியவர் கூற்றாக அன்றி, தப்பாதவர் கூற்றாக நமக்குக் கிடைத்த அரிய ஏடு அது.

அடைத்த கதவு

நான்காவது, கிரானடாவின் அமைச்சர் லிஸானுத்தீன் இப்னுல் கதீப் (1313–1374) எழுதிய 'முக்னிஅத்துஸ் ஸாயில்'. நோய் தொற்றும் என்பதை அனுபவமும் ஆய்வும் புலனறிவும் நம்பத்தக்க செய்திகளும் நிறுவிவிட்டன என்று இந்நூல் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. நோயாளியின் ஆடையும் பாத்திரமும் காதணியுங்கூட நோயைக் கொண்டுசெல்வதை அவர் எடுத்துக்காட்டுகிறார். புலன் கண்ட உண்மைக்கு மாறாகத் தோன்றும் அறிவிப்பு இருப்பின், அதற்குத் தக்க விளக்கம் காண வேண்டும் என்பது அவர் வாதம். 14ஆம் நூற்றாண்டில் இவ்வளவு தெளிவான குரல் எந்த மொழியிலும் அரிது. பிழைத்தவர் ஒருவர் கதையை நம்பி இவர் பேசவில்லை. பல ஊர்களின் செய்திகளைத் திரட்டி ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார்.

பின்வந்த அறிவியல் இரு தரப்பிலும் ஓரளவு உண்மையைக் கண்டது. 1894இல் ஹாங்காங்கில் யெர்ஸின் நோய்க்கிருமியைக் கண்டார். 1898இல் கராச்சியில் ஸிமோன் எலியின் தெள்ளுப்பூச்சி நோயைக் கடத்துவதைக் காட்டினார். தொற்று உண்மை, ஆனால் நோயாளியின் அருகில் இருந்த எல்லாருக்கும் நோய் வராததும் உண்மை. தொற்றை மறுத்தோர் பிந்தியதையே கண்டனர்.

இப்னுல் கதீப் தரும் சான்றுகளில் ஒன்று நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. ஸலா நகரில் தொற்றை நம்பிய ஒருவர், உணவுப்பொருளைச் சேமித்து, பெரிய குடும்பத்தோடு உள்ளே இருந்து வாசலைக் கட்டி அடைத்துக்கொண்டார். ஊர் அழிந்தது, அவர் வீடு பிழைத்தது. வாதத்துக்கு இது நல்ல சான்று. ஆனால் மதுரையில் கபன் துணி கேட்டு வந்த தாயை நினைத்துப் பார்ப்போம். அடைத்துக்கொள்ள அவருக்கு எந்தக் களஞ்சியம் இருந்தது? மாதக்கணக்கில் உணவு சேமிக்க வல்லவருக்கு அபாயம் ஒரு கணக்கு. அன்றாடம் வெளியே சென்றால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் உள்ளவருக்கு அது கணக்கிட்டுப் பயனில்லாத ஒன்று. அமைச்சர் இருக்கையிலிருந்து பார்த்தவருக்கு இந்த வேறுபாடு தெரியவில்லை. அறிவில் உயர்ந்த அந்நூல் நம் அளவுகோலின் இரண்டாம் பகுதியில் குறைவுபடுகிறது. அடைத்த கதவுக்கு வெளியே இருப்பவர்க்கு அது ஒன்றும் சொல்லவில்லை.

நம் காலத்துச் சான்று

இவை பழங்கதைகள் என்று ஒதுக்கிவிட முடியாதபடி 2020ஆம் ஆண்டு வந்தது. மக்காவின் புனிதப் பள்ளி முதல் நம் தெருப் பள்ளிவரை கூட்டுத் தொழுகை நின்றபோது, இப்னு ஹஜரின் காஹிராக் கணக்கு மீண்டும் பொருள் பெற்றது. நம் ஊர் ஜமாஅத்துகள் பலவும் வீட்டிலேயே தொழுமாறு மக்களை வேண்டியபோது, அந்த நபிமொழியின் இரண்டாம் பகுதியைத்தான் நிறைவேற்றின.

ஆனால் அபாயம் என்ற சொல்லைப் பிறர்மேல் எறியும் கல்லாக்கவும் முடியும் என்பதை அதே ஆண்டு காட்டியது. கோவிட் நோயில் இறந்த அனைவரின் உடலையும் எரித்தாக வேண்டும் என்று 2020 ஏப்ரலில் இலங்கை அரசு ஆணையிட்டது. அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் கெடும் என்று காரணம் கூறப்பட்டது. அடக்கமும் செய்யலாம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் அப்போதே இருந்தது. ஆயினும் 2021 பெப்ரவரி வரை ஆணை நீங்கவில்லை. நீங்கிய பின்னும் ஓட்டமாவடிக்கு மட்டுமே மய்யித்துகளைக் கொண்டுசெல்ல நேர்ந்தது. 2024 ஜூலையில் அரசு மன்னிப்புக் கோர முடிவு செய்தது.

ஆணையிட்டவர்கள் அபாயத்தை நீரில் கண்டார்கள். அக்குடும்பங்களோ, நோயைவிடப் பெரியதொரு அபாயத்தை, கபனும் கப்ரும் இன்றித் தம்மவர் போவதில், கண்டன. ஒரு தாய் கபன் துணி கேட்டு வந்ததை ஒரு பயணி எழுதி ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள் ஆகின்றன. கேட்ட துணி அன்று கிடைக்காமற் போயிற்று என்று அவர் எழுதவில்லை. நோயின் ஆபத்தைக் கணக்கிடுவோர் மருத்துவமனையின் வாசலோடு கணக்கை நிறுத்திக்கொண்டால், மக்கள் உண்மையில் எதற்கு அஞ்சுகிறார்கள் என்பதை அறியவே மாட்டார்கள்.

முடிவாக

நான்கு நூல்களும் நான்கு இடங்களிலிருந்து ஒரே அபாயத்தைப் பார்த்தவை. பயணி அதன் விரைவைக் கண்டார். புலவர் அது நெருங்கி வருவதைக் கண்டார். அமைச்சர் அதன் வழியைக் கண்டார். தந்தையாகிய இமாம் அதன் எண்ணிக்கையையும் அதைத் தாங்கும் பொறுமையையும் ஒருங்கே கண்டார். இவர்களுள் இமாமின் நூலே நம் மதிப்பில் முதலிடம் பெறுகிறது. அறிவில் அமைச்சரே முந்தியவர் எனினும், தன் இழப்பை வைத்துக்கொண்டே ஊரின் நலனைக் கணக்கிட்ட கண் இமாமுடையது. இந்நூல்கள் தக்க விளக்கத்தோடு தமிழ்க் குடும்பங்களின் கைக்கு எட்ட வேண்டும். மத்ரஸாக்களில் ஹதீஸ் பாடத்தோடு இவற்றையும் இணைத்துப் படிப்பிப்பது நம் ஆலிம் பெருமக்களால் ஆகக்கூடிய காரியமே.

இன்று நம் வீடுகளில் நாம் எண்ண மறந்துவிட்ட அபாயங்கள் தாஊன்போல் ஒரே நாளில் கொல்வன அல்ல. சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் பல ஆண்டுகள் ஓசையின்றி வீட்டில் குடியிருப்பவை. ரமழான் வரும்போது மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தும் முதியவரும், பரிசோதனைக்குச் செல்லத் தயங்கும் தாயும், பிள்ளைக்குத் தடுப்பூசி வேண்டாம் எனும் தந்தையும் விதியின் பெயராலேயே பேசுகிறார்கள். பசுமையான சரிவும் விதிதான் என்று உமர் (ரலி) அவர்கள் ஸர்க்கில் சொல்லித் திரும்பியதை அவர்களுக்கு நினைவூட்டுவது குடும்பத்தாரின் கடமை. வீட்டை அடைத்துக்கொள்ள வல்லவர்கள், அடைக்க இயலாத அண்டை வீட்டின் அடுப்பையும் தம் கணக்கில் சேர்த்துக்கொள்வார்களாக!